விடியலின் வடிநீர்

நுழையும்முன்

ஒரு குவளைப் பானத்திற்குள் மலையும் கடலும், உழைப்பும் ஓய்வும், பழைய ஏற்றத்தாழ்வும் புதிய சமத்துவமும் கரைந்திருக்கக் காணலாம். நாள்தோறும் அருந்துவதாலேயே அதைப் பற்றி எண்ணிப் பார்க்க நாம் மறந்துவிடுகிறோம். தொழில்நகரமான ஓசூரின் வீடுகளில் விடியுமுன் இறக்கப்படும் காப்பி வடிநீரின் கதையை, அதன் வரலாற்றோடும் அறிவியலோடும் இணைத்துச் சொல்கிறது இக்கட்டுரை.

எல்லையூரின் காலை

தமிழகத்தின் வடமேற்கு எல்லையில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது ஓசூர். கோடையிலும் இங்கு விடியற்காலையில் குளிர் இருக்கும். மார்கழியிலோ கைகள் சூடான குவளையைத் தாமாகத் தேடும். பெங்களூரு இங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஜூஜூவாடியைக் கடந்தால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி வந்துவிடும். எல்லைக்கோடு நிலப்படத்தில் அழுத்தமாக வரையப்பட்டிருந்தாலும் வீடுகளுக்குள் அது மங்கியே கிடக்கிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் புழங்குகின்றன. தமிழர் ‘பால்’ என்பதைத் தெலுங்கர் ‘பாலு’ என்கின்றனர். கன்னடர் ‘ஹாலு’ என்கின்றனர். தமிழின் பகரம் கன்னடத்தில் ஹகரமாகத் திரிவதால் இப்பக்கத்துப் ‘பள்ளி’ அப்பக்கத்தில் ‘ஹள்ளி’ ஆகிறது. ‘அக்கா’ என்னும் சொல்லோ மூன்று மொழிகளிலும் மாறாமல் நிற்கிறது. காப்பியும் அப்படித்தான், ஒலிப்பில் சிறிது வேறுபடினும் எவருக்கும் மொழிபெயர்க்கத் தேவையில்லாத சொல் அது.

1970களில் சிப்காட் தொழில் வளாகம் உருவானபின் ஓசூரின் முகம் மாறியது. சரக்குந்துகள், இருசக்கர ஊர்திகள், கைக்கடிகாரங்கள் எனப் பலவற்றையும் உருவாக்கும் ஆலைகள் இங்கு எழுந்தன. தமிழகத்தின் தென்கோடியிலிருந்தும் வேலை தேடி மக்கள் வந்து குடியேறினர். கிருஷ்ணகிரி 2004ஆம் ஆண்டு தனி மாவட்டமாயிற்று. ஓசூர் 2019இல் மாநகராட்சியாக உயர்ந்தது. சேவல் கூவி ஊர் எழுந்த காலம் போய், ஆலைப் பேருந்து வரும் நேரத்தைக் கொண்டு ஊர் எழத் தொடங்கியது. முதல் முறைப்பணிக்குச் செல்வோரின் வீடுகளில் நான்கு, நான்கரை மணிக்கே விளக்கு எரியும். அடுப்பில் முதலில் ஏறுவது பெரும்பாலும் காப்பிக்கான வெந்நீரே.

மலையேறி வந்த விதை

காப்பியின் தாயகம் எத்தியோப்பியாவின் மலைக்காடுகள். அங்கிருந்து செங்கடலைக் கடந்து ஏமன் நாட்டை அடைந்த காப்பி, மோக்கா என்னும் துறைமுகத்தின் வழியாக உலகெங்கும் சென்றது. 17ஆம் நூற்றாண்டில் பாபா பூதன் என்னும் சூஃபி துறவி, ஏமனிலிருந்து ஏழு காப்பி விதைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூரு மலையில் ஊன்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அம்மலைத்தொடர் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இன்று இந்தியாவில் விளையும் காப்பியில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு கர்நாடகத்தினுடையது. தமிழகத்தில் ஏற்காடு, நீலகிரி, பழனிமலை, ஆனைமலைப் பகுதிகளில் காப்பி விளைகிறது. ஏற்காட்டை உள்ளடக்கிய பழைய சேலம் மாவட்டத்தில்தான் ஓசூரும் கிருஷ்ணகிரியும் 1965 வரை இருந்தன. ஆகவே, ஒரு பக்கம் சேர்வராயன் மலையும் மறுபக்கம் பெங்களூருச் சந்தையுமாக, காப்பி மணத்தின் இரு வழிகளுக்கிடையே அமைந்த ஊர் ஓசூர்.

இம்மணத்திற்குள் கண்ணீரும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்களை அமைத்தபோது, அங்கு வேலைசெய்யத் தமிழகத்து ஊர்களிலிருந்து ஏழை மக்கள் ஆயிரக்கணக்கில் சென்றனர். கால்நடையாகக் காடுகளைக் கடக்கையில் நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். 1869இல் அங்குக் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அத்தோட்டங்களை அழித்தது. அதன்பின்னரே தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. குடகிலும் தமிழ்த் தொழிலாளரின் வியர்வை காப்பிச் செடிகளுக்கு உரமாயிற்று. காப்பியை அருந்தும் பழக்கம் தமிழரிடையே பரவும் முன்பே, அதை விளைவிக்கும் உழைப்பு அவர்களுடையதாகிவிட்டது.

நீராகாரமும் காப்பியும்

கிருஷ்ணகிரிப் பகுதியின் பழைய காலை உணவு கேழ்வரகுக் களியும் கூழும். மானாவாரி நிலத்தில் உழைத்தவர்க்கு அவை நெடுநேரம் பசி தாங்கும் உணவு. நெற்பகுதிகளில் நீராகாரமும் பழைய சோறும் அவ்விடத்தில் இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் காப்பி நடுத்தர வகுப்பினரின் இல்லங்களில் நுழைந்தபோது அதற்கு எதிர்ப்பும் எழுந்தது. உடல்நலத்தைக் கெடுக்கிறது, பழைய உணவை விரட்டுகிறது, குடும்பச் செலவைப் பெருக்குகிறது என்றெல்லாம் கண்டித்து எழுதினர். வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி, ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூலில் இம்மாற்றத்தை விரிவாக ஆராய்ந்துள்ளார். காப்பி நடுத்தர வகுப்பின் அடையாளமாகவும், தேநீர் உழைக்கும் மக்களின் பானமாகவும் பிரிந்து நின்ற சமூக நிலையையும் அவர் எடுத்துக்காட்டுகிறார்.

பானம் பிரிந்ததோடு குவளைகளும் பிரிந்தன. காப்பி விடுதிகளில் சாதியின் பெயரால் தனியிடம் ஒதுக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை என்னும் இழிவு அதன்பின்னரும் நெடுங்காலம் நீடித்தது. தொழில்நகரம் இத்தகைய ஏற்றத்தாழ்வுகளை முற்றிலும் துடைத்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. ஆனால், ஒரே அறையை நால்வர் வாடகைக்கு எடுத்து, இரண்டே குவளைகளை வைத்துக்கொண்டு மாறிமாறிக் குடிக்கும்போது, குவளைக்குச் சாதி பார்க்க அங்கு இடமில்லாமல் போகிறது. தேவை கற்பித்த சமத்துவம் என்றாலும் அதுவும் சமத்துவமே.

வடிகட்டியின் நுட்பம்

காப்பி வடிகட்டி இரண்டு அடுக்குகளால் ஆனது. மேலடுக்கின் அடியில் நுண்ணிய துளைகள் இருக்கும். அதில் தூளை இட்டு, காம்புடன் கூடிய துளைத்தட்டால் மெல்ல அழுத்தி, கொதித்து அடங்கிய நீரை ஊற்றி மூடிவிட வேண்டும். புவியீர்ப்பு ஒன்றே இதற்கு விசை. நீர் தூளின் வழியே இறங்கி, அதன் சாரத்தை எடுத்துக்கொண்டு, கீழடுக்கில் சொட்டுச் சொட்டாய் விழும். இதற்குப் பதினைந்து நிமிடம் முதல் அரைமணி நேரம் வரை ஆகும்.

எளிய கருவிதான், எனினும் இதில் தவறுவதற்கு வழிகள் பல. தூள் மிக நைசாக அரைபட்டால் துளைகள் அடைபட்டு வடிநீர் இறங்காது. கொரகொரப்பாக இருந்தால் நீர் நில்லாமல் ஓடி, நிறம் மட்டும் வரும், சாரம் வராது. அழுத்தம் மிகுந்தால் நீர் தேங்கும். குறைந்தால் நீர் தனக்கென ஒரு பாதையை அமைத்துக்கொண்டு, தூளின் பெரும்பகுதியைத் தொடாமலே இறங்கிவிடும். இருவருக்குப் போதுமான வடிநீருக்குக் குவித்த மூன்று கரண்டித் தூள், அதாவது ஏறத்தாழ 20 கிராம் தேவை. அதன்மேல் 150 மில்லிலிட்டர் நீர் ஊற்றினால் ஏறத்தாழ 110 மில்லிலிட்டர் வடிநீரே கிடைக்கும். மீதியைத் தூளே உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தன் எடையைப்போல் இருமடங்கு நீரைப் பிடித்துவைப்பது அதன் இயல்பு. முதலில் சிறிதளவு நீர் ஊற்றித் தூளை நனைய விட்டு, அரை நிமிடம் கழித்து மீதி நீரை ஊற்றினால் சாரம் சீராக இறங்கும்.

திடமும் கசப்பும் ஒன்றல்ல. நீரின் அளவோடு ஒப்பிடத் தூள் மிகுதியாக இருந்தால் கிடைப்பது திடம். ஒரே தூளிலிருந்து அளவுக்கு மீறிச் சாரத்தை எடுக்க முயன்றால் கிடைப்பது கசப்பு. ஒருமுறை வடித்த தூளின்மேல் மீண்டும் வெந்நீர் ஊற்றி எடுக்கும் இரண்டாம் வடிநீர் நீர்த்தும் கசந்தும் இருப்பது இதனாலேதான். எனினும் மாதக் கடைசியில் பல வீடுகளில் அதுவும் வடிக்கப்படுகிறது; வீட்டுக் கணக்கைப் பார்ப்பவரின் குவளைக்கே அது பெரும்பாலும் சென்று சேர்கிறது.

தூளின் தேர்வும் முதன்மையானது. அராபிகா வகை நறுமணத்தையும், ரோபஸ்டா வகை திடத்தையும் தரும். வழக்கமாக ஒரு பழத்தினுள் இரண்டு கொட்டைகள் இருக்கும்; ஒன்றே உருண்டு விளைந்தால் அதனைப் பீபெரி என்பர். சிக்கரி என்பது காப்பியன்று. ஒரு செடியின் வேரை உலர்த்தி வறுத்துப் பெறும் பொடி. அதில் காஃபின் இல்லை. ஆனால் வடிநீருக்குக் கருமையும் கொழுமையும் தந்து, நீர் இறங்கும் விரைவையும் குறைக்கும். நெப்போலியன் காலத்துக் கடல்வணிகத் தடையால் காப்பிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது பிரெஞ்சு மக்களிடையே இக்கலப்பு பெரிதும் பரவியது. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டிற்குக் குறையக்கூடாது. கலப்பளவு உறையின்மேல் அச்சிடப்பட வேண்டும். உறையைப் படித்து வாங்குவது நுகர்வோரின் கடமை.

தெரிந்து தெளிவோம்

கடல்மட்டத்தில் நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கிறது. உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைவதால் கொதிநிலையும் குறைகிறது. ஏறத்தாழ 300 மீட்டருக்கு 1 பாகை வீதம் குறைவதால், ஓசூரில் நீர் 97 பாகையை ஒட்டியே கொதித்துவிடும். காப்பியின் சாரத்தை எடுக்க 90 முதல் 96 பாகை வரையிலான வெப்பமே ஏற்றது. எனவே, ஓசூர்க்காரர் கொதித்த நீரை இறக்கி அரை நிமிடம் வைத்திருந்தாலே போதும்.

அடுப்பின்மேல் ஒரு கொதிகலம்

அரைமணி நேரம் காத்திருப்பது எல்லாருக்கும் இயல்வதில்லை. இத்தாலியைச் சேர்ந்த அல்போன்சோ பியாலெட்டி என்பவரின் பட்டறையிலிருந்து 1933ஆம் ஆண்டு வெளிவந்த ‘மோக்கா பாட்’ என்னும் சிறு கொதிகலம் இன்று ஓசூரின் வாடகை அறைகளிலும் தென்படத் தொடங்கியிருக்கிறது. இதன் அடிக்கலத்தில் நீர். நடுவே புனல் போன்ற தட்டில் தூள். மேற்கலம் வெறுமையாய் இருக்கும். அடுப்பில் வைத்ததும் அடிக்கலத்தில் நீராவியின் அழுத்தம் பெருகி, வெந்நீரை மேல்நோக்கித் தள்ளும். நீர் தூளைக் கடந்து மேற்கலத்தில் கருநிற வடிநீராய் வந்து நிறையும். வடிகட்டியில் நீர் கீழே இறங்குகிறது. இதிலோ மேலே ஏறுகிறது. ஐந்தாறு நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்.

இக்கருவியைக் கையாள்வோர் நான்கு விதிகளைப் பின்பற்ற வேண்டும். பக்கவாட்டில் உள்ள பாதுகாப்பு அடைப்பானுக்கு மேலே நீர் ஏறக்கூடாது. தூளை அழுத்தக்கூடாது. நெருப்பு மிதமாக இருக்க வேண்டும். ‘களகள’ என்னும் ஒலி எழுந்ததும் அடுப்பிலிருந்து இறக்கிவிட வேண்டும். அதற்குப்பின் வருவது நீராவியால் கருகிய கசப்பே. சிக்கரி மிகுந்த தூளும், மாவுபோல் அரைத்த தூளும் இதற்கு ஏற்றவையல்ல. அலுமினியத்தால் ஆன கலம் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாது. அதற்கென எவர்சில்வரில் செய்ததையே வாங்க வேண்டும். பெண்கள் நால்வர், ஐவராய்ச் சேர்ந்து தங்கும் அறைகளில் எரிவாயு இணைப்பு இல்லாமல் இண்டக்‌ஷன் அடுப்பே இருப்பதால் இது சிறிய செய்தியன்று.

யார் எழுந்து இறக்குவது?

கருவி எதுவாயினும், அதை இயக்க ஒருவர் தூக்கத்தை விட்டு எழுந்தாக வேண்டும். அந்த ஒருவர் யார் என்னும் வினாவே காப்பியின் சுவையைவிடப் பெரியது.

சிப்காட்டை ஒட்டிய குடியிருப்பு ஒன்றில் மூவர் வாழும் வீடு அது. மகனுக்கு முதல் முறைப்பணி. மருமகளுக்குக் கைப்பேசி உறுப்புகள் செய்யும் ஆலையில் வேலை. வாரத்திற்கு வாரம் முறை மாறும். நாற்பது ஆண்டுகளுக்குமுன் கணவரின் வேலைக்காகக் கும்பகோணத்திலிருந்து வந்த மாமியார், தாம் கொண்டுவந்த பித்தளை வடிகட்டியை இன்றும் மாற்றவில்லை. அதிகாலையில் எழுந்து வடிநீர் இறக்குவது அவ்வீட்டில் அவர் வேலையாகவே இருந்தது. மூட்டுவலி வந்தபின் அது மருமகளிடம் சென்றது. எவரும் அதைத் தீர்மானிக்கவில்லை. பெண்ணிடமிருந்து பெண்ணுக்கு அது தானாகவே கைமாறியது.

இரவுமுறை வரும் வாரங்களில் இடர் தொடங்கியது. விடியற்காலையில் பணி முடிந்து திரும்பும் மருமகள், உடை மாற்றும் முன்னரே அடுப்பைப் பற்றவைப்பார். கணவர் குடித்துவிட்டுப் புறப்படுவார். தாமும் ஒரு குவளை குடித்துவிட்டுப் படுத்தால் தூக்கம் வராது. காப்பியிலுள்ள காஃபின் உடலில் பாதியளவாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். உறங்கவேண்டியவர், மற்றவர் விழிப்பதற்காகக் காப்பி இறக்கினார். அதன் மணத்திற்கு மயங்கித் தம் உறக்கத்தையும் இழந்தார். ஒருநாள் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் அடுப்பருகே நின்றபடியே அவர் கண்ணயர்ந்ததை மாமியார் கண்டார்.

“நீ போய்ப் படும்மா. இனிமே ராத்திரிமுறை வாரத்துல நீ அடுப்புகிட்டயே வரக்கூடாது” என்றார். பிறகு மகனை அழைத்து, “உனக்குக் குடிக்கத் தெரியும். இறக்கவும் தெரிஞ்சுக்கோ” என்றார்.

முதல் சில நாள்கள் வடிநீர் இறங்கவேயில்லை. தூளை அவர் ஓங்கி அழுத்தியிருந்தார். அடுத்த நாள் வெறும் நிறநீர் வந்தது. நாற்காலியில் அமர்ந்தபடியே தாய் சொல்லிக்கொடுத்தார். இரவே தூளை இட்டு வடித்துவைத்தால் காலையில் பால் காய்ச்சும் வேலை மட்டுமே எஞ்சும் என்பதை மகன் கண்டுகொண்டார். ஆலையில் இயந்திரத்தின் அளவுகளை நுண்மையாகச் சரிபார்ப்பவர்க்கு, மூன்று கரண்டித் தூளின் கணக்கு பிடிபடாமல் போகுமா? ஒரு மாதத்திற்குள் கைவந்தது. மருமகள் மாலையில் எழுந்ததும் அவருக்கென எடுத்துவைத்த வடிநீரில் காப்பி கலந்து, டவராவில் ஆற்றிக் கொடுப்பதும் மகனின் வேலையாயிற்று. அவ்வடிநீர் தாயின் கைப்பக்குவத்தை எட்டவில்லை என்று அக்கம்பக்கத்தார் சொல்லக்கூடும். ஆனால், அவ்வீட்டில் அதைக் குறையாக எவரும் சொல்லவில்லை.

காத்திருப்பின் பயன்

நொடிக்கணக்கில் பொருள்கள் உருவாகும் தொழில்நகரத்தில், அவசரப்படுத்த முடியாத சில வேலைகள் வீட்டுக்குள் எஞ்சியிருக்கின்றன. பால் தன் நேரத்தில்தான் பொங்கும். வடிநீர் தன் நேரத்தில்தான் சொட்டும். தட்டினாலும் அசைத்தாலும் கலங்குமேயன்றி விரைந்து இறங்காது. அந்தக் காத்திருப்பை ஒருவர் தலையிலேயே சுமத்தினால் அது சுமை; பலரும் பகிர்ந்துகொண்டால் அது வீட்டின் ஒழுங்கு.

காப்பிச் செடியை நட்டவர், பழம் பறித்தவர், உலர்த்தி வறுத்தவர், மத்திகிரியிலோ தளியிலோ விடியுமுன் பால் கறந்தவர் எனப் பலருடைய உழைப்பு ஒரு குவளையில் வந்து சேர்கிறது. அவர்களை நாம் நேரில் காண்பதில்லை. நன்றி சொல்லவும் வாய்ப்பதில்லை. ஆனால், குவளையை நம் கையில் தருபவர் நம் கண்முன்னே நிற்கிறார். அவர் உறங்கினாரா, அவர் குடித்துவிட்டாரா என்று கேட்பதற்கு ஒரு நொடி போதும். கேட்டபின், மறுநாள் அவருக்கு முன்பே எழுந்து அடுப்பைப் பற்றவைப்பது நம்மால் இயலும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் விடியல் முதல் இரவு வரை நடைபெறும் வேலைகளைப் பட்டியலிட்டு, அவற்றை யார் யார் செய்கின்றனர் என்பதை அட்டவணைப்படுத்துக. அவற்றுள் உங்களால் ஏற்கக்கூடியவற்றைக் குறிப்பிடுக.

2. ‘பால் – ஹாலு’, ‘பள்ளி – ஹள்ளி’ போன்று தமிழிலும் கன்னடத்திலும் ஒலிமாற்றத்துடன் வழங்கும் சொற்களைத் திரட்டுக.

3. உங்கள் பகுதியின் பழைய காலை உணவு குறித்து முதியோரிடம் கேட்டறிந்து, வகுப்பறையில் கலந்துரையாடுக.